பழைய தோட்டத்துக் கோப்புகளில் புள்ளி மட்டும் காணாமல் போவது ஏன்? பைதானில் உரைக் கோப்பும் வலைக் கோரிக்கையும்

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பல இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்தவர்கள் தாமான் (புதிய குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கோயில் திருவிழாக் கணக்குகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள் என்ற பட்டியல்கள் ஆகியவைதான் மிஞ்சியிருக்கின்றன. ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் 1990களின் இறுதியில் இவற்றில் பெரும்பகுதியைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவருடைய குடும்பத்தார் அந்த வட்டுகளை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மீதியை எங்கள் இளைஞர்கள் இப்போது தட்டச்சு செய்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் தேடிப் படிக்கும்படி ஆக்கப் பைதான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதி வருகிறோம். மூலநிரல் திறந்ததாகவே இருக்கும். பஹாவிலோ கூலிமிலோ வேறொரு தோட்டத்து மக்கள் எடுத்துப் பயன்படுத்தினால் மகிழ்ச்சி. தோட்ட வரலாறு எழுதப்பட்டுள்ள சில பழைய வலைப்பக்கங்களையும் அதே நிரல் இறக்கிக்கொள்கிறது.

சிக்கல்கள் மூன்று. இளைஞர்கள் தட்டச்சு செய்த யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொது அட்டவணை) கோப்புகள் என் லினக்ஸ் மடிக்கணினியில் ஒழுங்காக வருகின்றன. செயலவை அறையிலுள்ள விண்டோஸ் கணினியில் ‘அம்மன் கோயில்’ என்பது ‘அமமன கோயில’ ஆகிறது. ‘முனியாண்டி’ ‘மனியாணடி’ ஆகிறார். ‘ஐயா’ வெறும் ‘யா’. மற்ற எழுத்துகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டாவது, கிராணி ஐயாவின் கோப்புகள் எந்தக் கணினியிலும் படிக்க முடியாத குறிகளாகவே தெரிகின்றன. மூன்றாவது, வலைப்பக்கங்களில் சில சரியாக வருகின்றன, சில குப்பையாக வருகின்றன.

எங்கிருந்து தொடங்குவது?

பாலோடை (பினாங்கு)

முதல் சிக்கலிலிருந்தே தொடங்கலாம். கோப்பைத் திறக்கும் வரியில் ‘என்கோடிங்’ (குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) என்று எதையாவது குறித்திருக்கிறீர்களா? பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ‘எரர்ஸ்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறது? படித்த பிறகு உரையைத் திருத்தும் படி ஏதேனும் உண்டா?

செம்பனைக்காடு

என்கோடிங் குறிக்கவில்லை. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ஒரு துணை நிரலை அடிப்படையாக எடுத்திருக்கிறோம். அதில் எரர்ஸ் என்ற இடத்தில் ‘இக்னோர்’ (கண்டுகொள்ளாமல் விடு) இருக்கிறது. மேற்கோட்டுடன் கூடிய ஆங்கில ‘ஏ’ குறி தென்பட்டால் உரையை விண்டோஸ்-1252 பைட்டுகளாக்கி, மீண்டும் யூடிஎஃப்-8 ஆகப் படித்துச் சீர்செய்யும் படியும் அதிலேயே உள்ளது. அங்கேயும் இக்னோர்தான்.

பாலோடை

அப்படியானால் உங்கள் புள்ளி எங்கே போனது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். தமிழ்க் கோப்புகளைத் தொடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண்) எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). கோப்பில் பதினைந்து பைட். தமிழின் எல்லாக் குறிகளுக்கும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்பதைத் தீர்மானிக்கிறது.

பைதானில் என்கோடிங் குறிக்காமல் கோப்பைத் திறந்தால் கணினியின் வட்டார அமைப்பு எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8. நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக விண்டோஸ்-1252. இது ஒரு பைட்டுக்கு ஒரு குறி என்ற பழைய ஐரோப்பிய அட்டவணை. அதில் 224 என்பது மேற்கோட்டுடன் கூடிய அந்த ஆங்கில ‘ஏ’. 174 என்பது வட்டத்துக்குள் இருக்கும் வணிகக் குறி. சிதைந்த தமிழில் அந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

இப்போது முக்கியமான இடம். விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. புள்ளியின் மூன்றாவது பைட் 141. தமிழ் ‘ஏ’ 143, ‘ஐ’ 144. அட்டவணையில் இடமில்லாத பைட்டை பைதான் வாசிக்க மறுத்துப் பிழை காட்ட வேண்டும். விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறந்தவர்களுக்கு ‘சார்மேப்’ என்று தொடங்கும் அந்தப் பிழைச் செய்தி பழக்கமாக இருக்கும். பெரும்பாலான வேளைகளில் அது குறைப்பட்டுக்கொள்வது புள்ளியின் 141 பைட்டைப் பற்றித்தான். நீங்கள் எடுத்த துணை நிரலோ இக்னோர் போட்டு அந்த வாயை அடைத்திருக்கிறது. 129, 141, 143, 144 ஆகியவை ஓசையின்றி விழுந்துவிடுகின்றன. பிறகு ‘சீர்செய்யும்’ படி வருகிறது. மூன்றாவது பைட்டை இழந்த குறிகள் அரைகுறையாக நிற்கும் அல்லவா, அவற்றை இரண்டாவது இக்னோர் துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது புள்ளியும் உகரக் குறியும் ‘ஏ’, ‘ஐ’ என்ற தனி உயிரெழுத்துகளும் இல்லாத தமிழ். ‘ஏழுமலை’ என்ற பெயரை அந்தக் கணினியில் ஓட்டிப் பாருங்கள், ‘ழமலை’ என்று வரும்.

தீர்வு எளிது. திறக்கும் வரி ஒவ்வொன்றிலும் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். எக்செலிலிருந்து வரும் கோப்புகளின் தலையில் மூன்று பைட் அடையாளக் குறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றுக்கு ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று எழுதினால் அதை உரித்துவிட்டுப் படிக்கும். இரண்டு இக்னோர்களையும் நீக்குங்கள். சீர்செய்யும் படியை முழுவதுமாகத் தூக்கி எறியுங்கள்.

பைதான் 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 இயல்பாக இருக்கும் என்று பிஇபி 686 முன்மொழிவின் வழி முடிவாகியிருக்கிறது. ஆனால் செயலவை அறைக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 3.10 முதல் என்கோடிங் குறிக்காத இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை வசதி உண்டு. அதை இயக்கிவிட்டு ஒருமுறை நிரலை ஓட்டுங்கள். விடுபட்ட வரிகள் எல்லாம் வெளியே வரும்.

கிராணிமகள் (தெலுக் இந்தான்)

தம்பி பாலோடை சொன்னதைப் படித்தபோது மனம் கனத்தது. எத்தனை ஊர்களின் பட்டியல்கள் இப்படிப் புள்ளி இழந்து கிடக்கின்றனவோ.

இரண்டாவது சிக்கலுக்கு நான் வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழ் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருத்தி. கிராணி ஐயாவின் கோப்பு யூனிகோடாக இருக்க வாய்ப்பே இல்லை. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் போக்கில் ஓர் அட்டவணை வைத்திருந்தது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் பரவலாக இருந்தது. மின்னஞ்சலில் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டும் என்ற நோக்கில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி வகுத்தது ‘டிஸ்கி’. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழி ‘டாப்’, ‘டாம்’ என்ற இரண்டு அட்டவணைகள் வந்தன. இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ செல்வாக்குப் பெற்றிருந்தது.

எந்த அட்டவணை என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். இடையிடையே வரும் மலாய்ச் சொற்களும் எண்களும் தெளிவாகப் படிக்க முடிகிறதா? தமிழ் வர வேண்டிய இடத்தில் மட்டும் விசித்திரக் குறிகளா? அப்படியானால் டிஸ்கி அல்லது டாப் ஆக இருக்கலாம். அவை 128க்குக் கீழுள்ள ரோமன் எழுத்துகளைத் தொடாமல், தமிழை மேல் பாதியில் வைத்தவை. தமிழ் வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துகளும் கலந்து பொருளில்லாமல் தெரிந்தால் பாமினி போன்ற ஒன்று.

மாற்றும்போது ஒரு கவனம். டிஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கிறது. ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், அதன் பின்னரே உயிர்க்குறி. ஆகவே குறிக்குக் குறி மாற்றினால் கொம்பெல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வரிசையையும் மாற்றித் தரும் நிரல் வேண்டும். லினக்ஸில் உள்ள ‘ஐகான்வ்’ கட்டளைக்கு டிஸ்கி தெரியும். பைதானில் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூலத் தொகுப்பு பழைய அட்டவணைகள் பலவற்றை யூனிகோடாக மாற்றித் தருகிறது.

மாற்றிய பிறகு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், தம்பி. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீலமலை (குளுவாங்)

அக்கா சொல்வது போல் ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பார்க்க வேண்டுமா? குறியாக்கத்தைத் தானே கண்டறியும் தொகுப்புகள் இருக்கின்றன. ‘சார்டெட்’, ‘சார்செட்-நார்மலைசர்’ போன்றவற்றிடம் கொடுத்தால் பைட்டுகளின் புள்ளிவிவரத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். நூற்றுக்கணக்கான கோப்பு இருந்தால் வேறு என்ன செய்ய முடியும்?

பாலோடை

நீலமலை, உங்களோடு முழுமையாக மாறுபடுகிறேன். அந்தத் தொகுப்புகள் ஐரோப்பிய, சீன, ஜப்பானியக் குறியாக்கங்களை நன்றாக ஊகிக்கும். டிஸ்கியை அவற்றிடம் கொடுத்தால் தமக்குத் தெரிந்தவற்றில் ஏதோ ஒரு பெயரை எடுத்து நீட்டும். பிழையும் வராது. பிழை வராத தவறுதான் ஆவணத்தைக் கொல்கிறது.

யூடிஎஃப்-8க்கு ஒரு சிறப்பு உண்டு. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த அந்த முறையில், தொடங்கும் பைட்டும் தொடரும் பைட்டும் வெவ்வேறு எல்லைக்குள் இருக்கும்படி வகுத்திருக்கிறார்கள். அதனால் வேறு அட்டவணையில் எழுதிய நீண்ட தமிழ் உரை தற்செயலாக யூடிஎஃப்-8 விதிகளுக்குப் பொருந்திப்போவது மிக அரிது. முதலில் கண்டிப்பான முறையில் யூடிஎஃப்-8 ஆகப் படித்துப் பாருங்கள். பிழையின்றிப் படிக்க முடிந்தால் அது யூடிஎஃப்-8 என்று நம்பலாம். படிக்க முடியாதவற்றைத் தனிக் கோப்புறையில் ஒதுக்குங்கள். அவற்றை மட்டும் மனிதர் பார்க்கட்டும்.

நீலமலை

அது நியாயம். கண்டிப்பான சோதனை முதலில், ஊகம் கடைசியில், அதையும் மனிதர் உறுதிசெய்த பிறகு. பாமினிக்கு மட்டும் உங்கள் சோதனை போதாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முழுக்கவும் ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் யூடிஎஃப்-8 ஆகப் பிழையின்றிப் படிக்க முடிந்துவிடும். படித்த உரையில் ஒரு தமிழ்க் குறிகூட இல்லையென்றால் அதையும் ஒதுக்க வேண்டும்.

பாலோடை

ஆம், அதைச் சேர்த்தே ஆக வேண்டும். நன்றி.

கடைவீதி (சுங்கை பட்டாணி)

வலைக் கோரிக்கை பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் அன்றாட வேலை அது.

வலைப்பக்கங்களை இறக்கித் தரும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற பைதான் தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பதில் வந்ததும் ‘டெக்ஸ்ட்’ என்ற பண்பைக் கேட்டால், சேவையகம் தலைப்பு வரியில் அறிவித்த குறியாக்கத்தைக் கொண்டு அது உரையாக்கித் தரும். சேவையகம் ‘இது உரை’ என்று மட்டும் சொல்லிக் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால், லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். பழைய எச்டிடிபி விதி அது. பக்கத்தின் உள்ளே ‘மெட்டா’ வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் ரிக்வெஸ்ட்ஸ் அதைப் பார்ப்பதில்லை. உலாவி பார்க்கிறது. அதனால்தான் உலாவியில் அழகாகத் தெரியும் பக்கம் உங்கள் நிரலில் குப்பையாகிறது. ஜேசன் வடிவில் வரும் தரவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே யூடிஎஃப்-8 என்பது வழக்கமாகிவிட்டது. தொகுப்பும் அதற்கேற்பவே நடந்துகொள்ளும்.

ஆகவே ‘டெக்ஸ்ட்’ வேண்டாம், ‘கன்டென்ட்’ எடுங்கள். அது பைட்டுகளை அப்படியே தரும். அந்தப் பைட்டுகளை ‘பியூட்டிஃபுல்சூப்’ தொகுப்பிடம் கொடுத்தால் மெட்டா வரியைத் தானே பார்த்துப் படித்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். பக்கம் வந்தவுடன் பைட்டுகளை வட்டில் எழுதிவிடுங்கள். முகவரி, நாள், தலைப்பு வரிகள் எல்லாவற்றையும் அருகிலேயே ஒரு சிறு கோப்பில் வையுங்கள். உரையாக்கும் வேலையை வட்டிலிருந்து செய்யுங்கள். உங்கள் நிரலில் ஒரு பிழை இருந்து திருத்தினால், மறுபடியும் அந்தச் சேவையகத்தின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தனிமனிதர்கள் கைக்காசு போட்டு நடத்தும் வரலாற்றுப் பக்கங்கள் அடுத்த ஆண்டு இருக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழே 2019இல் நின்றுபோனது. தனிமனிதரின் வலைப்பக்கத்துக்கு என்ன உத்தரவாதம்?

டைம்அவுட் குறிக்கிறீர்களா? ரிக்வெஸ்ட்ஸ் தானாக எந்தக் கால வரம்பும் வைப்பதில்லை. மறுமுனை பதில் சொல்லாமல் இருந்தால் உங்கள் நிரல் விடியும் வரை காத்திருக்கும். இணைப்புக்கு ஒரு வரம்பு, வாசிப்புக்கு ஒரு வரம்பு என்று இரண்டாகக் கொடுக்கலாம். தோட்டத்துப் பக்கம் தொலைபேசி இணைப்பைப் பகிர்ந்து வேலை செய்பவர்களுக்கு வாசிப்பு வரம்பு சற்றுத் தாராளமாக இருக்கட்டும்.

வந்த பதிலின் எண் 200 (சரி) தானா என்று பார்க்காமல் சேமிக்காதீர்கள். 404 (பக்கம் இல்லை) என்று வந்த பக்கத்தைத் தோட்ட வரலாறு என்று நினைத்துச் சேமித்த தொகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். 429 வந்தால் ‘மெதுவாகக் கேள்’ என்று பொருள். ‘ரிட்ரை-ஆஃப்டர்’ தலைப்பு இருந்தால் அதில் சொன்ன நேரம் வரை பொறுங்கள். ஒரே பக்கத்தை மறுபடி கேட்கும்போது முன்பு கிடைத்த ‘ஈடேக்’ (பக்கத்தின் பதிப்பு அடையாளம்) மதிப்பைச் சேர்த்து அனுப்பினால், மாற்றமில்லாத பக்கத்துக்கு 304 மட்டும் வரும். அவர்களுக்கும் சுமையில்லை, உங்கள் டேட்டாவும் மிச்சம்.

எந்தப் பக்கங்களை நிரல்கள் எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ‘ரோபோட்ஸ்’ கோப்பை மதியுங்கள். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த அந்த வழக்கம் 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான ஆவணமாகிவிட்டது. அதைப் படிக்கும் கூறு பைதானிலேயே இருக்கிறது. கேட்பவர் யார் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட் வரியில் உங்கள் திட்டத்தின் பெயரையும் தொடர்பு முகவரியையும் எழுதுங்கள். யார் வந்து எடுக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தை நடத்துபவருக்குத் தெரிய வேண்டும். அவரும் நம்மில் ஒருவர்தான்.

ரப்பர்விதை (பஹாவ்)

படிவம் ஆறு மாணவன். ஒரு சந்தேகம். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தினால் ‘ன’வில் தொடங்கும் வரிகள் ‘ப’வுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ‘கௌரி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் கிடைக்கிறார்கள். இதுவும் குறியாக்கப் பிழையா?

கிராணிமகள்

நல்ல கேள்வி, தம்பி. குறியாக்கம் சரியாகவே இருக்கிறது. யூனிகோட் அட்டவணையில் ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’ என்று வைத்துவிட்டார்கள். நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. பைதானின் சாதாரண வரிசைப்படுத்தல் அட்டவணை எண்ணை மட்டும் பார்க்கிறது. ‘ஐசியூ’ தொகுப்பின் தமிழ் வரிசையையோ ஓப்பன்-தமிழில் உள்ளதையோ பயன்படுத்துங்கள்.

கௌரி கதை வேறு. ஔகாரக் குறியின் வலப்பக்கச் சிறகும் ‘ள’ எழுத்தும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், பலர் ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெளரி’ என்று தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கணினிக்கு இரண்டும் வேறு. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றை ஒரே குறியாகவும் கொம்பு தனி, கால் தனியாகவும் எழுதலாம் என்பது இன்னொரு கிளை. இந்த இரண்டாவது வகையை யூனிகோடின் ‘என்எஃப்சி’ சீராக்கம் ஒன்றாக்கிவிடும். ‘ள’ போட்ட கௌரியை அது தொடாது. அதற்குப் பெயர்களைப் பார்த்துத் திருத்தும் மனிதக் கண் வேண்டும்.

பாலோடை

அக்கா சொன்னதோடு ஒன்று. சீராக்கத்தைத் தேடலுக்கான படியில் மட்டும் செய்யுங்கள், சேமித்த மூலத்தில் வேண்டாம்.

தாமான்வாசி (ஈப்போ)

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். நிரலைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. தரவைப் பற்றி ஒரு கவலை.

தோட்டப் பட்டியல்களில் அடையாள அட்டை எண்ணும் இருக்குமே? புதிய ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராவுக்கு 08. அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். மூலநிரலைத் திறந்து வைப்பது நல்லது. அதே களஞ்சியத்தில் பட்டியல்களையும் ஏற்றிவிட்டால், பாட்டிமார்களின் ஐசி எண் உலகத்துக்கே தெரிந்துவிடும். எல்லா மாற்றங்களையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் பிறகு கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும்.

செம்பனைக்காடு

தாமான்வாசி அண்ணன் சுட்டிக்காட்டியது எங்கள் செயலவைக் கூட்டத்தில் நேற்றிரவு முதல் பொருளாகப் பேசப்பட்டது. நிரல் மட்டும் பொதுக் களஞ்சியத்தில் இருக்கும். ஆவணங்கள் செயலவையின் வட்டிலும், இரண்டு குடும்பங்களின் வீட்டில் உள்ள பிரதிகளிலும் இருக்கும். பன்னிரண்டு இலக்கம் தொடர்ந்தோ கோடிட்டோ வரும் வரிகளைக் கண்டால் நிரல் அந்தக் கோப்பை வெளியிட மறுக்கும்படி ஒரு சோதனையும் சேர்க்கிறோம்.

மற்றவற்றின் நிலை இது. விண்டோஸ் கணினியில் புள்ளியும் உகரமும் திரும்பிவிட்டன. முனியாண்டி முழுப் பெயரோடு நிற்கிறார். கிராணி ஐயாவின் கோப்புகளில் நாங்கள் திறந்து பார்த்தவை டிஸ்கி என்று தெரிகிறது. மலாய்ச் சொற்கள் தெளிவாகத் தெரிந்தன, கிராணிமகள் அக்கா சொன்ன அடையாளம் அப்படியே பொருந்தியது. ஐகான்வ் வழியாக மாற்றியதில் 1998ஆம் ஆண்டுத் தீமிதித் திருவிழாக் கணக்கு வந்திருக்கிறது. பந்தல், வாழைமரம், உறுமி மேளம், அன்னதான அரிசி, எல்லாம் வெள்ளி (ரிங்கிட்) கணக்கோடு.

வலைப்பக்கங்கள் பைட்டுகளாகவே வட்டில் சேர்கின்றன. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போவது இங்கே வழக்கம் என்பதால், முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, பிறகு ‘ரீபிளேஸ்’ கட்டளையால் இடம் மாற்றுகிறோம். பாதி எழுதிய கோப்பு முழுக் கோப்பின் பெயரில் நிற்காது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். சோதனைக்காக டிஸ்கி மாதிரிக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். கிட் அதன் வரி முடிவுகளை மாற்றிவிடாதா?

பாலோடை

‘கிட்-அட்ரிபியூட்ஸ்’ கோப்பில் அந்த மாதிரிகளைப் பைனரி என்று குறித்துவிடுங்கள், கிட் தொடாது. மாதிரியில் உண்மையான பெயர் எதுவும் வேண்டாம். ‘ஏ’, ‘ஐ’, உகரம், புள்ளி நான்கும் வரும் ஒரு யூடிஎஃப்-8 வரி, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘கை’ வரும் ஒரு டிஸ்கி வரி, பாமினியில் ஒரு வரி. மூன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே விடை தர வேண்டும்.

கிராணிமகள்

டிஸ்கி வரியை நான் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். பழைய கணினி இன்னும் ஓடுகிறது. பாமினி தெரிந்த ஒருவர் இங்கே இருந்தால் மற்றதை அனுப்பட்டும்.

நீலமலை

பாமினி வரி என்னிடமிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.